வாக்கு போய்ச் சேரும் இடம்

ஐப்பசி பிறந்தால் கோடியக்கரை மணலில் ஓர் ஊர் முளைக்கும். நாகை மாவட்டக் கரையோர ஊர்களிலிருந்து மீனவர்கள் ஃபைபர் படகு, வலை, சோற்றுப் பானை சகிதம் வந்திறங்கி, கீற்றுக் கொட்டகை போட்டுப் பங்குனி வரை தங்கித் தொழில் பார்ப்பார்கள். 2025 கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அப்படியொரு கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் உடையாமல் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்த பெரியவர், தலை நிமிராமலே கேட்டார்: “ஏந் தம்பி, அக்கரையில பிரதேச சபைக்கு எலெக்‌ஷன் நடந்து முடிஞ்சிருச்சாமே. நம்மூருக்கு எப்ப வரும்?”

அவருடைய ஊர் கோடியக்கரை இல்லை, கொஞ்சம் வடக்கே. படகு ஏற்றும் இடத்தில் ஒரு விளக்குக் கம்பம் மாதக்கணக்கில் எரியவில்லை. விடிவதற்கு முன்னால் படகு தள்ளுகிறவர்களுக்கு அந்த வெளிச்சம் வேண்டும். முன்பெல்லாம் டீக்கடை வாசலில் தலைவரை நிறுத்திக் கேட்பாராம். “இப்ப நிறுத்துறதுக்குத் தலைவரே இல்லியே” என்றார்.

கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு அறுபது கிலோமீட்டருக்குள்தான். சென்னை அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். நடுக்கடலில் நின்றால் இந்தப் பக்கம் நம் கலங்கரை விளக்கம், அந்தப் பக்கம் அவர்கள் விளக்கு என்று மீனவர்கள் சொல்வார்கள். ஆனால் இந்த இரண்டு கரைகளின் அரசியலை ஒப்பிட்டுப் பேசும்போது நாம் கடல் அளவுக்குக்கூட நெருங்கிப் பார்ப்பதில்லை. அங்கே போர் நடந்தது, இங்கே நடக்கவில்லை. ஆகவே நம் ஜனநாயகம் உயர்ந்தது என்று சொல்லி எழுந்துபோய்விடுகிறோம். பெரியவர் கேட்ட கேள்வி அப்படி எழுந்துபோக விடவில்லை.

முந்திக்கொண்ட தீவு

வேதாரண்யத்துக்காரர்களுக்கு 1930 ஏப்ரல் என்றால் சொல்லவே வேண்டாம். ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் நடந்து புறப்பட்டார்கள். 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தார்கள். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டு இடம் கொடுத்த வேதரத்தினம் பிள்ளைக்கும் சிறை. ஒரு கைப்பிடி உப்புக்குத் தடியடி வாங்கிய காலம் அது. சொத்தும் வரியும் உள்ள சிலருக்கு மட்டுமே அன்றைய சென்னை மாகாணத்தில் வாக்குரிமை இருந்தது. உப்பளத்தில் பாத்தி கட்டியவருக்கும் பண்ணையில் நாற்று நட்டவருக்கும் அது கிடையாது.

அடுத்த ஆண்டே, 1931 ஜூனில், அக்கரையில் 21 வயது நிறைந்த ஆணும் பெண்ணும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி வந்த அரசாங்க சபைத் தேர்தல் அது. ஆசியாவில் எல்லோருக்குமான வாக்குரிமையை முதலில் நடத்திக் காட்டியது அந்தச் சின்னத் தீவுதான். நாம் அந்த இடத்துக்கு வர இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று. 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த நம் முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல்.

அப்படியானால் இருபது ஆண்டு முந்திக்கொண்டவர்களுக்கு ஏன் அந்த முந்துதல் உதவவில்லை? இதற்கு ஒரு பதில் 1936இலேயே கிடைத்துவிட்டது. அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அந்த ஏழு பேரும் அமைச்சர்கள். 1936இல் அந்த ஏழு பேரும் சிங்களவர்கள். யாரும் சட்டத்தை மீறவில்லை. வாக்குகளை எண்ணித்தான் இது வந்தது. எல்லோருக்கும் வாக்கு இருந்தது, ஆனால் எல்லா வாக்கும் ஒரே ஒரு சபைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சபையில் எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு வேறு வாசல் எதுவும் இல்லை.

இந்த ஆபத்தை முன்கூட்டியே பார்த்தவர்களில் ஒருவர், பின்னாளில் அதை முற்றவைத்தவரே. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1926இல், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து திரும்பிய இளைஞராக, இலங்கைக்குச் சமஷ்டிதான் பொருந்தும் என்று கட்டுரைகள் எழுதினார். யாழ்ப்பாணத்திலேயே போய்ப் பேசினார். தமிழர்கள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைய தமிழ்த் தலைமை கொழும்பில் தனக்கு உள்ள நாற்காலியை நம்பியது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸோ, 1927இல் காந்தி அங்கு வந்துபோன உற்சாகத்தில், முழுச் சுயராஜ்யம் தராத தேர்தல் வேண்டாம் என்று 1931 தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் 1934 வரை காலியாகக் கிடந்தன. நோக்கம் தூய்மையானது. ஆனால் அதிகாரத்தின் வடிவம் உருவாகிக்கொண்டிருந்த அந்த மூன்று ஆண்டில் யாழ்ப்பாணத்தின் குரல் சபையில் இல்லை. படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிற இடம் இது.

பிறந்த மண்ணும் பறிபோன வாக்கும்

சுதந்திரம் வந்தது 1948 பிப்ரவரி 4. அந்த ஆண்டு முடிவதற்குள் இலங்கைப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டம் எண் 18ஐ நிறைவேற்றியது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த லட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே கையெழுத்தில் நாடற்றவர்களானார்கள். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களால் 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை.

அவர்கள் யார்? திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணி கூட்டிப்போனவர்களின் பிள்ளைகள். டெல்டாவில் மழை பொய்த்த ஆண்டுகளிலும் பண்ணையடிமைத்தனம் தாங்காத ஆண்டுகளிலும் புறப்பட்டவர்கள். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேருக்குப் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கடைசி ஆள்வரை குடியுரிமை என்று இலங்கைச் சட்டம் சொல்ல 2003 ஆயிற்று.

இதோடு ஒரு மனிதரின் பிறப்பிடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். எம்.ஜி.ஆர். பிறந்தது 1917இல், கண்டிக்குப் பக்கத்து நாவலப்பிட்டியில். குடும்பம் மலையாளம் பேசியது. அவர் தமிழ்நாட்டில் 1977 முதல் பத்தாண்டு முதல்வராக இருந்தார். இலங்கையில் பிறந்தவரால் இங்கே ஆள முடிந்தது. இங்கிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளால் பிறந்த மண்ணிலேயே வாக்களிக்க முடியவில்லை. இதைப் பெருமையாகச் சொல்வதோடு நிறுத்தக் கூடாது. 1983க்குப் பிறகு இந்தக் கடற்கரை வழியாகவும் ராமேஸ்வரம் வழியாகவும் வந்த அகதிகளின் குழந்தைகள், இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்கள், இன்னும் மறுவாழ்வு முகாம்களில் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. நாம் இலங்கையிடம் கேட்ட கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்ளாமல் இந்த ஒப்பீடு நேர்மையாகாது.

மலையக மக்களின் வாக்குரிமை பறிபோனபோது அதை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து வெளியேறியவர் செல்வநாயகம். 1949 டிசம்பர் 18 அன்று அவர் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சி, பண்டாரநாயக்க கைவிட்ட சமஷ்டியைக் கையில் எடுத்தது. இருபத்து மூன்று ஆண்டு தாமதம்.

1956: ஒரே ஆண்டு, இரண்டு முடிவுகள்

இரண்டு நாடுகளும் பிரிந்துபோன புள்ளி எது என்று என்னைக் கேட்டால் 1956 என்பேன். ஜூன் மாதம் கொழும்பில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் அடிபட்டார்கள். ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரே நாடு என்ற பொருளில் கொல்வின் ஆர். டி சில்வா அன்று பாராளுமன்றத்தில் எச்சரித்தார். சிங்களவரான அந்த இடதுசாரித் தலைவரின் எச்சரிக்கை சபையில் எடுபடவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 1 அன்று இந்தியா மொழிவாரியாக மாநிலங்களைத் திருத்தி அமைத்தது. டிசம்பரில் சென்னைச் சட்டமன்றம் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை இயற்றியது. ஒரே மொழி பேசும் மக்கள். அறுபது கிலோமீட்டர் இடைவெளி. ஆறு மாத இடைவெளி. ஒரு கரையில் தமிழ் அலுவலகத்தை விட்டு வெளியேறியது, மறு கரையில் அலுவலகத்துக்குள் நுழைந்தது.

டெல்லிக்காரர்கள் பெருந்தன்மையானவர்கள், அதனால் இப்படி நடந்தது என்று நினைத்தால் தவறு. நேரு மொழிவாரி மாநிலங்களைத் தள்ளிப்போடவே பார்த்தார். பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாவிரதத்தில் உயிரை விட்ட பிறகுதான் ஆந்திரம் பிறந்தது. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. காங்கிரஸ் கட்சியே 1920 நாகபுரி மாநாட்டிலிருந்து மொழிவாரி மாகாணக் கமிட்டிகளாகத்தான் இயங்கியது. நாட்டின் எந்த மொழிக்கும் தனியாக ஆள்கிற பெரும்பான்மை கிடையாது. இலங்கையிலோ சிங்களவர் ஏறத்தாழ 70 சதவீதம். இரண்டு பெரிய கட்சிகளும் அந்த ஒரே வாக்குக் குவியலுக்காக அடித்துக்கொண்டன. ஒருவர் தமிழருக்கு ஓரடி விட்டுக்கொடுத்தால், மற்றவர் அதையே துரோகம் என்று சொல்லித் தேர்தலில் வென்றுவிடலாம்.

நடந்ததும் அதுதான். 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் பிராந்திய சபைகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். எதிர்க்கட்சியிலிருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். 1958 ஏப்ரலில் புத்த பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். 1965இல் டட்லி சேனநாயக்க மாவட்ட சபைகள் தருவதாக எழுதிக் கொடுத்தார். அதுவும் நடக்கவில்லை, இம்முறை எதிர்த்தது மற்றக் கட்சி. இடையே 1961இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகமான கச்சேரியின் வாசலில் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது. தமிழரசுக் கட்சி தானே தபால் தலைகூட அடித்து வெளியிட்டது. வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதன் பங்காளி அந்தத் தபால் தலை. அவசரகாலச் சட்டம் போட்டு ராணுவத்தைக் கொண்டு கலைத்தார்கள்.

இரண்டு சட்டத்திருத்தங்கள்

அடுத்ததை இரண்டு கரை அரசியல் மாணவர்களும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1963 அக்டோபரில் இந்திய அரசமைப்பின் 16ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பிரிவினை கேட்டுத் தேர்தலில் நிற்க முடியாது. நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். திராவிட நாடு கேட்டு வந்த தி.மு.க. அந்த ஆண்டே கோரிக்கையைக் கைவிட்டது. 1983 ஆகஸ்டில், ஜூலைக் கலவரத்தின் ரத்தம் காயும் முன், இலங்கை அரசமைப்பின் 6ஆவது திருத்தம் வந்தது. அதுவும் அதையே சொன்னது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்க மறுத்துப் பாராளுமன்ற இடங்களை இழந்தார்கள். 1977 தேர்தலில் அவர்களுக்கு 18 இடங்கள். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர்.

சொற்கள் ஏறக்குறைய ஒன்று. விளைவு எதிரெதிர். ஏன்?

1963இல் அண்ணாவின் முன்னால் இன்னொரு வழி திறந்திருந்தது. சென்னைச் சட்டமன்றம் இருந்தது, அதை வெல்லலாம். 1965இல் இந்தி எதிர்ப்பில் மாணவர்கள் உயிர் கொடுத்தார்கள். 1967 மார்ச்சில் அண்ணா முதல்வரானார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டத் தீர்மானம், இருமொழிக் கொள்கை எல்லாமே வாக்குப் பெட்டி வழியாக வந்தன. அதே ஆண்டு டெல்லியும் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, இந்தி பேசாத மாநிலங்கள் ஒப்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தது. தெருவில் எழுந்த கோபம் கோட்டைக்குள் போய் அரசாணையாக மாறியது.

அமிர்தலிங்கத்துக்கு அப்படி ஒரு கோட்டை இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை இடம் வென்றாலும் அவர் ஆள ஒரு கிராமம்கூட இல்லை. 1981 ஜூன் 4 அன்று நடந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. வென்ற பிறகும் அந்தச் சபைகளுக்குப் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. வாக்கு போட்டும் எதுவும் ஆகாது என்று இருபது வயது இளைஞன் நம்ப ஆரம்பித்தால், அவன் அடுத்து எங்கே போவான் என்பதை இந்தக் கரையில் எண்பதுகளில் வந்திறங்கிய படகுகள் காட்டின.

துப்பாக்கி வந்த பிறகு அது முதலில் சுட்டது தமிழர்களின் தேர்தல் பதவிகளைத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 1975இல் யாழ்ப்பாண மேயர் துரையப்பா. 1989இல் கொழும்பில் அமிர்தலிங்கமே. 1998இல் ஒரே ஆண்டில் யாழ்ப்பாண மேயர்கள் இருவர், சரோஜினி யோகேஸ்வரனும் பொன். சிவபாலனும். கொழும்பு கொடுக்க மறுத்த இடத்தைப் போராளிகளும் காலியாகவே வைத்தார்கள். தமிழர் பக்கத்தில் இதைப் பேசத் தயங்குகிறோம். தயங்கக் கூடாது.

வேலி எங்கே இருந்தது

1972லும் 1978லும் இலங்கை இரண்டு அரசமைப்புகளை எழுதிக்கொண்டது. இரண்டும் ஒரு தரப்பின் அசுரப் பெரும்பான்மையில் பிறந்தவை. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பாதி வாக்குக்குச் சற்று அதிகம் வாங்கி, 168இல் 140 இடங்களைப் பிடித்தது. 1972 அரசமைப்பு பழைய அரசமைப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29(2) பிரிவுப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. ஒற்றையாட்சி என்று எழுதி வைத்தது. பௌத்தத்துக்கு முதலிடம் தந்தது. 1978 அரசமைப்பு நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியை உண்டாக்கியது. 1982இல் ஜனாதிபதி ஜெயவர்த்தன தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களைத் தன் எம்.பி.க்களிடம் வாங்கி வைத்துக்கொண்டு, பொதுத்தேர்தல் நடத்தாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை ஒரு பொது வாக்கெடுப்பு மூலம் ஆறு ஆண்டு நீட்டித்தார்.

நாமும் இந்த வழியில் போனவர்கள்தான். 1975 ஜூன் நெருக்கடிநிலையில் தலைவர்கள் சிறையில், பத்திரிகைகள் தணிக்கையில், மக்களவையின் ஆயுள் நீட்டிப்பு. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைப்பு. வித்தியாசம் என்னவென்றால் நமக்கு இரண்டு மூன்று வேலிகள் மிச்சமிருந்தன. 1973 ஏப்ரலில் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், அரசமைப்பின் அடிப்படைக் கட்டுமானத்தை நாடாளுமன்றம் கலைக்க முடியாது என்று தீர்ப்பளித்திருந்தார்கள். இலங்கையில் ஒரு மசோதா சட்டமாகிவிட்டால் அதை நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்க முடியாது. மசோதாவாக இருக்கும் சில நாள்களுக்குள் வழக்குப் போட்டால்தான் உண்டு. இங்கே கூட்டாட்சியைத் தொடும் திருத்தங்களுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும். அங்கே ஒரே அவையில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினால் பெரும்பாலானவை முடிந்தது. 1977 மார்ச்சில் இந்திரா காந்தி தேர்தல் நடத்தினார், தோற்றார், இறங்கினார்.

இலங்கை நீதித்துறையையும் குறைத்து எடைபோடக் கூடாது. 2018 அக்டோபரில் ஜனாதிபதி சிறிசேன பிரதமரை நீக்கி, நவம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அந்தக் கலைப்பு செல்லாது என்றார்கள். 2022 ஜூலையில் மக்கள் எழுந்து ஜனாதிபதி கோட்டாபயவை நாட்டை விட்டே ஓட வைத்தார்கள்; அதன் பிறகும் ராணுவம் ஆட்சியைப் பிடிக்கவில்லை. 2024இல் தேர்தல் மூலமாகவே அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாக வந்தார். பாராளுமன்றத் தேர்தலில் அவரது கூட்டணி 225இல் 159 இடங்களை வென்றதோடு, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றையும் எடுத்தது. 1931இலிருந்து வாக்களித்துப் பழகிய மக்கள் அவர்கள். வாக்குப் பெட்டியின் மீது அவர்களுக்கு உள்ள நம்பிக்கையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

இரண்டு காலி இடங்கள்

1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு 13ஆவது திருத்தம் வந்தது. மாகாண சபைகள் பிறந்தன. நம் மாநிலங்களைப் பார்த்து வரைந்த படம்தான், ஆனால் ஆளுநர் என்ற கோட்டை மட்டும் இன்னும் அழுத்திப் போட்டிருந்தார்கள். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் கையில். நிலமும் போலீசும் காகிதத்தில் மாகாணத்துக்கு. நடைமுறையில் இன்றுவரை கொழும்புக்கு. வடக்கு மக்கள் தங்கள் மாகாண சபைக்கு வாக்களிக்க 2013 செப்டம்பர்வரை காத்திருந்தார்கள். 38இல் 30 இடங்களைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தார்கள். முதல்வர் விக்னேஸ்வரன், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி. ஆளுநர், ஓய்வுபெற்ற ராணுவத் தளபதி. 2018 அக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. 2019க்குள் ஒன்பது மாகாணங்களிலும் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று 2017இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்; அதற்கான எல்லை வரையறை அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் போயிற்று, புதிய முறையும் வரவில்லை. ஆளுநர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

ஆளுநர் என்ற சொல்லுக்கு இந்தக் கரையிலும் விளக்கம் தேவையில்லை. 1976, 1980, 1988, 1991 என்று நான்கு முறை தமிழ்நாட்டு ஆட்சி அரசமைப்பின் 356ஆவது பிரிவில் கலைந்தது. கடைசி முறை சொன்ன காரணமே அக்கரைப் போர்தான். 1994இல் பொம்மை வழக்குத் தீர்ப்பு அந்தக் கதவைப் பெரும்பாலும் மூடியது. இப்போது மசோதா கிடப்பில் கிடக்கிற காலம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு ஆளுநருக்குக் கெடு வைத்தது; நவம்பரில் ஐவர் அமர்வு அப்படிக் கெடு விதிக்க முடியாது என்று கருத்துரைத்தது. 2019இல் ஜம்மு காஷ்மீரின் மாநிலத் தகுதியைப் பறிக்கும் சட்டம் ஒரே வாரத்தில் நிறைவேறியதையும் பார்த்தோம். நம் மாநிலங்கள் கல்லில் வெட்டியவை என்று நிம்மதியாக இருக்க முடியாது.

ஆனால் பெரியவரின் கேள்வி டெல்லியைப் பற்றியதும் இல்லை, சென்னைக் கோட்டையைப் பற்றியதும் இல்லை. தன் ஊராட்சியைப் பற்றியது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நாகையும் ஒன்று. 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243இ பிரிவு சொல்கிறது. நகர்ப்புறங்களில் இதைவிட மோசமாக நடந்திருக்கிறது: 2016 அக்டோபரில் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல். ஐந்து கோடைக்காலம் கவுன்சிலர் இல்லாமல் சென்னை குடிநீருக்கு அலைந்தது.

அக்கரையிலும் இதே கதைதான். 2018 பிப்ரவரிக்குப் பிறகு உள்ளூராட்சித் தேர்தலைப் பணமில்லை என்று தள்ளிப்போட்டார்கள். 2024 ஆகஸ்டில் அவர்களின் உச்ச நீதிமன்றம், தேர்தல் நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று சொன்னது. 2025 மே 6 அன்று தேர்தல் நடந்தது. அந்தச் செய்திதான் வானொலி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ நண்டு பிரித்துக்கொண்டிருந்தவர் காதுக்கு வந்திருக்கிறது.

ஆக 2025இல் இரண்டு கரையிலும் ஆளுக்கொரு தளம் காலி. அவர்களுக்குப் பிரதேச சபை இருக்கிறது, மாகாண சபை இல்லை. நமக்குச் சட்டமன்றம் இருக்கிறது, ஊராட்சி மன்றம் இல்லை. ‘மாநில சுயாட்சி’ என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக டெல்லியிடம் உரக்கக் கேட்கும் தமிழ்நாடு, அதே நியாயத்தைத் தன் ஊராட்சிகளுக்குத் தர ஏன் தயங்குகிறது? எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த ஒன்றில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். சட்டச் சிக்கல், தொகுதி வரையறை, இட ஒதுக்கீடு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கும். கொழும்பிலும் காரணங்களுக்குக் குறைவில்லை.

இது வெறும் கொள்கைப் பேச்சு என்று தோன்றினால் கடலைப் பாருங்கள். 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்கள் இரண்டு தலைநகரங்களுக்கு இடையே முடிந்தன. இழுவைமடியை இலங்கை 2017இல் தடை செய்தது. அதற்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தவர் தமிழ் உறுப்பினர் சுமந்திரன். யாழ்ப்பாண மீனவரின் வலையை நம் விசைப்படகு அறுத்துக்கொண்டு போகிறது என்ற வேதனை உண்மையானது. நம் ஆள் சிறையில் கிடக்கிறான், படகு அங்கே மக்குகிறது என்ற வேதனையும் உண்மையானது. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் மீனவர் பிரதிநிதிகள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அந்த மேசையில் இல்லை. அங்கே நிமிர்ந்து நிற்கிற ஒரு மாகாண சபையும், இங்கே கரையோர ஊராட்சிகளுக்குக் கடல் தொழிலில் ஒரு சொல்லும் இருந்தால், எத்தனை நாள் பாடு யாருக்கு, எந்த மடி எங்கே என்று தமிழிலேயே பேசி முடித்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். நாட்டாரும் பஞ்சாயத்தாரும் ஊருக்கு ஊர் இதைவிடச் சிக்கலான வலைத் தகராறுகளைத் தீர்த்த கரைகள் இவை.

இருட்டத் தொடங்கியது. நண்டுகள் கூடையில் ஏறிவிட்டன. விளக்குக் கம்பத்துக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார் பெரியவர். பையிலிருந்து தாள் எடுத்துக் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதினேன். அனுப்புநர் இடத்தில் அவர் பெயர், ஊர், கதவு எண். பெறுநர் என்று எழுதிவிட்டு, தனி அலுவலர் என்று போட்டேன்.

“பேரு போட வேணாமா தம்பி?”

“பேரு வேணாம்ணே. இது போதும்.”

அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டார்.